பத்திரிகை அமைச்சராக இருந்தவரைக் கடத்திக் கொன்றது யார்? கஜகஸ்தான் சொன்ன இரண்டு பதில்கள்

2006 பிப்ரவரி. கஜகஸ்தானின் அல்மாத்தி நகருக்கு வெளியே மூன்று பேரின் உடல்கள் கிடக்கின்றன, கைகள் கட்டப்பட்டு, சுடப்பட்டு. ஒருவர் டிரைவர், ஒருவர் மெய்க்காப்பாளர். மூன்றாமவர்தான் அல்தின்பெக் சர்சென்பாயுலி, வயது 43, அந்த நாட்டின் முன்னணி எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவர்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மாஸ்கோவில் இதழியல் படித்தார், பத்திரிகை ஆசிரியராக இருந்தார், முப்பது வயதிலேயே பத்திரிகைத் துறை அமைச்சர், அப்புறம் ரஷ்யாவுக்குத் தூதர்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1990-களில் ஒளிபரப்பு அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்து பல தனியார் நிலையங்கள் மூடப்பட்டபோது அந்தத் துறை இவர் கையில்தான் இருந்தது. அதனால் அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் அதே மனிதர் 2003-இல் பதவியை விட்டு 'அக் ஜோல்' என்ற எதிர்க்கட்சிக்கு வந்தார். 2004-இல் அரசு மறுபடி அமைச்சர் பதவி கொடுத்தது, சில மாதங்களில் நடந்த தேர்தல் நேர்மையாக இல்லை என்று சொல்லி அதையும் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறினார். நாற்காலியை இரண்டு முறை விட்டவர் என்பதுதான் எனக்கு அவர்மேல் மரியாதை வரக் காரணம்.

2005 டிசம்பர் அதிபர் தேர்தலில், அப்போது அதிபராக இருந்த நசர்பாயெவ் 91 சதவீத வாக்கு பெற்றதாக அறிவிப்பு. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இன்னொரு எதிர்க்கட்சிக்காரர், ஜமன்பெக் நுர்கதிலொவ், வீட்டில் இறந்து கிடந்தார். உடம்பில் மூன்று குண்டுகள், மார்பில் இரண்டு, தலையில் ஒன்று. போலீஸ் என்ன சொன்னது தெரியுமா? தற்கொலை! மூன்று முறை சுட்டுக்கொண்டு தற்கொலை, கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள்.

சரி, அல்தின்பெக் வழக்குக்கு வருவோம். கைதானவர்களில் நாட்டின் உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்புக் குழுவின் 'அரிஸ்தான்' சிறப்புப் படையினரும் இருந்தார்கள், அந்தக் குழுவின் தலைவர் பதவி விலகினார். கொலைக்கு ஆள் வைத்தவர் யார் என்றால், செனட் (நாடாளுமன்ற மேலவை) அலுவலகத்தின் தலைமை அதிகாரி எர்ஜான் உதெம்பாயெவ் என்றார்கள். காரணம், தன்னைப் பற்றி அல்தின்பெக் பத்திரிகையில் இழிவாகப் பேசியது. அதற்காக 60,000 டாலர் கொடுத்தாராம். ஒரு பத்திரிகைப் பேச்சுக்காக அரசின் சிறப்புப் படை ஆட்களை வைத்து மூன்று உயிர்களை எடுத்தார் என்று நம்பச் சொன்னார்கள், நீதிமன்றமும் ஏற்று 2006 ஆகஸ்டில் அவருக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. சுட்டவர் என்று சொல்லப்பட்ட ருஸ்தம் இப்ராகிமொவுக்கு மரண தண்டனை, ஆனால் நாட்டில் மரண தண்டனையை நிறைவேற்றுவது நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் அது நிறைவேறவில்லை.

எட்டு வருடம் போனது. வழக்கைத் திரும்பத் திறந்த அரசு, பின்னால் இருந்தது ரகாத் அலியெவ் என்றது. யார் இவர்? நசர்பாயெவின் முன்னாள் மருமகன், அதற்குள் மாமனாரோடு பகையாகி ஐரோப்பாவுக்குப் போய்விட்டவர். உதெம்பாயெவின் தண்டனை 2014-இல் குறைக்கப்பட்டது. 2015 பிப்ரவரியில் அலியெவ் வியன்னா சிறையில் தூக்கில் பிணமாகக் கிடந்தார், அவரிடம் இனி யாரும் எதுவும் கேட்க முடியாது.

கமென்ட்டில் சொல்லுங்கள், அந்த 60,000 டாலர் கதையை நீங்கள் நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை.