குட்டிச்சுவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஏழு மணின்னு நோட்டீஸ் போட்டு எட்டே காலுக்கு ஆரம்பிச்சும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்காத பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் பொங்கல் வணக்கம்.

தலைப்பு, 'லீவுல பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தருவது பழைய கோட்டையா, தீம் பார்க்கா?' நான் கோட்டை. தலைப்பு முடிஞ்சுது. இனிமே அதைப் பத்தி என்கிட்ட ரொம்பக் கேக்காதீங்க.

ஏன்னா எனக்கு இப்போ தலைப்பு முக்கியமில்லைங்க. எதிரணித் தலைவர் பேராசிரியர் அம்மா பேசி முடிக்கிற நேரத்துல என் பக்கம் திரும்பி ஒண்ணு சொன்னாங்க பாருங்க. "குட்டிச்சுவரைப் பார்க்கப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா, பிள்ளையும் குட்டிச்சுவராத்தான் போகும்!" நீங்கல்லாம் கைதட்டினீங்க. அதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையில உக்காந்திருக்கிற என் வீட்டம்மாவும் தட்டினாங்க. அதைத்தான் தாங்க முடியலை.

அம்மா, தமிழ் படிச்சவங்க நீங்க. பழமொழி என்ன சொல்லுது? கழுதை கெட்டாத்தான் குட்டிச்சுவரு. பிள்ளை கெட்டா எங்க போகும்? சோபா. கையில செல்போன். சுவரு பாவம், அது யாரைங்க கெடுத்துச்சு?

சரி, நான் கூட்டிட்டுப் போன குட்டிச்சுவரு எதுன்னு சொல்றேன். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை பஸ்ல போறீங்க. கண்டக்டர் "செஞ்சி, செஞ்சி"ன்னு கத்தறப்போ எல்லாரும் பையைத் தேடுவாங்க. ஒருத்தரும் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டாங்க. திரும்பினா ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை நிக்கும். மூணையும் சேர்த்து வளைச்சு மதில். டிராய்னா கிரேக்கக் கதையில லேசுல பிடிக்க முடியாத கோட்டை நகரம்; வெள்ளைக்காரன் இதுக்கு 'கிழக்கின் டிராய்'னு பேரு வச்சான். 2025 ஜூலையில யுனெஸ்கோக்காரங்க மராட்டியர் கோட்டைகள்னு 12 கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. 11 மகாராஷ்டிராவுல. மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. அம்மா, உலகமே ஒத்துக்கிட்ட குட்டிச்சுவரு இது!

போன அரையாண்டு லீவுக்குப் போனோம். நான், வீட்டம்மா, எங்க அப்பா, ஒன்பது வயசுப் பையன், ஆறு வயசுப் பொண்ணு. டிக்கெட் எடுக்கப் போனா, பதினஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட்டே கிடையாதுன்னுட்டாங்க. எதிரணி கவனிக்கணும். தீம் பார்க்குல அளவுகோலை வச்சு பிள்ளையோட உயரத்தை அளந்துல்ல காசு கேக்கறான்!

ராஜகிரி எண்ணூறு அடி உயரம். ஆயிரத்துக்கு மேல படி. ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான் 1690-ல வந்து முற்றுகை போட்டான். கோட்டை கையில கிடைச்சது 1698-ல. எட்டு வருஷம்! என் பொண்ணு ஒன்றரை மணி நேரத்துல பிடிச்சா. அதுலயும் இருபது நிமிஷம் ஷூ லேஸ் கட்டினது நான்.

சுல்பிகர் கானுக்கு எட்டு வருஷம். எங்க சாப்பாட்டுப் பையைப் பிடிக்க ஒரு குரங்குக்கு எவ்வளவு நேரமாச்சு தெரியுங்களா? எட்டு செகண்டு.

இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். பாதி மலையில ஒரு பாறை நிழல். பையைக் கீழ வச்சு, "எல்லாரும் உக்காருங்க"ன்னு சொன்னேன். எல்லாரும் உக்காந்தாங்க. குரங்கும் உக்காந்தது. குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. நான் தலையை எண்ணிப் பார்க்கறேன், ஒண்ணு அதிகமா இருக்கு. அதுக்குள்ள பை போச்சு. எதிர்ப் பாறையில போய் உக்காந்து, எவர்சில்வர் டப்பா மூடியைத் திருகி... கவனிங்க, கடிக்கலை, உடைக்கலை, திருகித் திறந்துச்சு. உள்ள புளியோதரை. அன்னைக்குப் புளியோதரை செஞ்சது நான். ஒரு வாய் எடுத்துச்சு. என்னைப் பார்த்துச்சு. டப்பாவை மூடி அங்கயே வச்சிட்டுப் போயிடுச்சு.

நடுவர் அவர்களே, இருபது வருஷமா மேடையில நிக்கறேன். இப்படி ஒரு தீர்ப்பை எந்த நடுவரும் எனக்குக் கொடுத்ததில்லை.

அதோட முடிஞ்சுதா? வீட்டுக்கு வந்து பையன் இந்தக் கதையைச் சொல்றப்போ குரங்கு மூணு ஆச்சு. பொண்ணு சொல்றப்போ குரங்கு "த்தூ"ன்னு துப்பிடுச்சு. வீட்டம்மா அவங்க அக்காகிட்ட போன்ல சொன்னது என் காதுல விழுந்துச்சு. குரங்கு கையெடுத்துக் கும்பிட்டுச்சாம்! அம்மா, தீம் பார்க்குக்குப் போயிட்டு வந்த பிள்ளை என்ன கதை சொல்லும்? "லைன்ல நின்னோம், சறுக்கினோம், மறுபடி லைன்ல நின்னோம்." அதுல குரங்கு எங்க இருக்கு?

உச்சிக்குக் கிட்டப் போனா மலையில ஒரு பிளவு. இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவுல ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துட்டா எதிரி உள்ள வர முடியாதுன்னு பையனுக்கு விளக்கினேன். அவன் ஒரு நிமிஷம் நின்னு பார்த்தான். "அப்போ உள்ள இருக்கிறவங்க எப்படிப்பா வெளிய போவாங்க?" நான் முழிச்சேன். சத்ரபதி சிவாஜியோட மகன் ராஜாராம் அத்தனை வருஷம் இந்தக் கோட்டைக்குள்ள இருந்துக்கிட்டு இதே கேள்வியைத்தானே கேட்டிருப்பார்? கடைசியில கோட்டை விழறதுக்கு முன்னாடி அவர் தப்பிச்சுப் போயிட்டார்.

இன்னொரு கேள்விக்கு எனக்குப் பதிலே தெரியலை. சுவத்துல ஆணியால கீறியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு பொண்ணு கேட்டா, "அப்பா, இந்தக் கோட்டை ராஜா பேரு குமாரா?" அந்தக் குமார் இந்தக் கூட்டத்துல இருந்தா தயவுசெஞ்சு கையைத் தூக்க வேண்டாம்.

பிள்ளை விழுந்துடுமேன்னு எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான பயம், ஒத்துக்கறேன். படியில ஏறு, சுவத்துல ஏறாதே, விளிம்புக்குப் போனா என் கையைப் பிடி. இந்த மூணுதான் எங்க வீட்டுச் சட்டம். மூணாவதுல யார் கையை யார் பிடிச்சாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.

சுவருன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பேராசிரியர் அம்மா, இப்போ உங்களுக்குப் பதில் சொல்லலை. சும்மா சொல்றேன்.

எங்க அப்பா கொத்தனார். எனக்கு எட்டு வயசுல என்னை இதே செஞ்சிக்குக் கூட்டிட்டு வந்தார். ராஜா கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. சுவத்துல உள்ளங்கையை வச்சுத் தடவிப் பார்த்தார். சில இடத்துல சுண்ணாம்புப் பூச்சு இன்னும் வழவழன்னு இருக்கும். "கடுக்காய்த் தண்ணி விட்டு அரைச்சிருக்கான்டா. வெல்லமும் போட்டிருப்பான். இல்லைன்னா இந்த வழவழப்பு வராது"ன்னார். வெல்லம்னு காதுல விழுந்ததும் அவர் அந்தப் பக்கம் திரும்பற நேரமாப் பார்த்து நான் சுவத்தை நக்கிட்டேன். இனிக்கலை. அப்பாகிட்ட சொல்லலை.

இப்போ அவருக்கு எழுபத்தி நாலு வயசு. ரெண்டு முட்டியும் போச்சு. அன்னைக்கு அவர் மலை ஏறலை. "நீங்க போங்கடா, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்"ன்னு கீழ வேப்பமரத்தடியில உக்காந்துட்டார். எல்லார் கால்லயும் ஷூ. பார்த்துக்க அங்க எந்தச் செருப்பும் இல்லை. பேத்தியை மட்டும் கிட்ட கூப்பிட்டு என்னமோ சொல்லி அனுப்பினார்.

மேல போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் பீரங்கிகிட்ட ஓடினோம். இவளைக் காணோம். பதறிப் போய்த் தேடினா, ஒரு மண்டபச் சுவரு ஓரமா நிக்கறா. நாக்குல சுண்ணாம்பு. "தாத்தா வெல்லம்னு சொன்னாருப்பா. இனிக்கவே இல்லை."

அங்க இருந்து பார்த்தா கீழ ஆளே தெரியாது. இருந்தாலும் பிள்ளைங்க ஒரு தடவை கையை ஆட்டினாங்க. இறங்கி வந்தப்புறம் இளநீர் விக்கிற அம்மா சொன்னாங்க, "பெரியவரு சும்மாவே உக்காரலைங்க. அப்பப்போ எழுந்து மலையைப் பார்த்துத் துண்டை வீசிக்கிட்டே இருந்தாரு. எப்போ திரும்பிப் பார்ப்பீங்களோ, தெரியலையாம்."

அப்பா பேத்தியைக் கேட்டார், "என்ன பாப்பா, இனிச்சுதா?"

அவ என்னைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. "இனிச்சுது தாத்தா"ன்னா.

அப்பா இன்னைக்கு வரலைங்க. வீட்டுல பேத்தியை மடியில வச்சுக்கிட்டு போன்ல இதை நேரலையாப் பார்த்துக்கிட்டிருக்கார். அப்பா, அது இனிக்கலைப்பா. அப்பவும் இனிக்கலை.

நடுவர் மணி அடிக்கறாங்க. உக்காந்துடறேன். வணக்கம்.