பாஸ் கிட்டாருக்கு வால்யூம் பாட்: 250-ஐ விட அந்த A முக்கியம்

வணக்கம் மக்களே. என் பாஸ் கிட்டாருக்கான பாட் (பொட்டென்ஷியோமீட்டர், வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருந்து, திருப்பத் திருப்ப மின்தடையை மாற்றும் பாகம்) பார்சலில் வந்துவிட்டது, இந்த முறை சரியான பார்சல். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், முதுகில் பொறித்திருப்பதைப் படியுங்கள். A250K. மூன்றுமே A250K, 250K என்றால் 250 கிலோ ஓம். ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் அதற்காக நான் போட்ட சண்டையைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும்.

போன வீடியோவில் என் நீல பாஸின் கண்ட்ரோல் பிளேட்டைக் கழற்றிக் காட்டினேன். வால்யூமைத் தொட்டாலே ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம். கடலூரில், அதுவும் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிறது, இந்த பாட் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு எம்மாத்திரம்? கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் பல தடவை திருப்பினால் கொஞ்ச நாள் ஓடும். தயவுசெய்து தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதையும் விடாதீர்கள். என்னுடையது கிளீனரையும் தாண்டிப் போய்விட்டது. ஆடி மாதக் கச்சேரிகள் வரிசையாக வரப்போகின்றன, அதனால் மூன்றையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஆன்லைனில் ஒரு கடை. பேர் சொல்லப் போவதில்லை. A250K, சாலிட் ஷாஃப்ட் (பிளவு இல்லாத தண்டு), மூன்று. ஒன்று 550 ரூபாய். வந்தது B250K. போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "சார், ரெண்டுமே 250K தான்." எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது! இசைக் கருவிக்கான சாமான் விற்கிற இடத்தில் இப்படி ஒரு பதிலா? அப்புறம், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு 120 ரூபாயை நான் ஏற்க வேண்டுமாம். தப்பான பொருள் அனுப்பியது அவர்கள், செலவு என்னுடையதா? 120 ரூபாய் பெரிய காசு இல்லை, ஆனால் அதை நான் கொடுக்கக் கூடாது. கொடுக்கவும் இல்லை. ஆர்டர் பக்கத்தில் A என்று இருப்பதையும், பாட்டின் முதுகில் B என்று இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர்கள் ஆளே வந்து எடுத்துக்கொண்டு போனார். 120 ரூபாய் என் பையிலேயே இருக்கிறது. அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, A-க்கும் B-க்கும் என்ன வித்தியாசம்? B என்றால் லீனியர். பாதி திருப்பினால் மின்தடையும் சரிபாதி. A என்றால் ஆடியோ டேப்பர், லாக் என்றும் சொல்வார்கள். பாதி திருப்பினால் 10 முதல் 15 சதவீதம்தான் இருக்கும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நம் காது அப்படித்தான் வேலை செய்கிறது. சிக்னல் பாதியாகக் குறைந்தால் அது 6 டெசிபல். காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். அதனால் லீனியர் போட்டால், முழு வால்யூம் 10 என்று வைத்துக்கொண்டால், 10-இலிருந்து 5 வரைக்கும் இறக்கினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, கடைசிக் கொஞ்சத்தில் திடீரென்று சத்தம் விழும். பல்லவியில் முழுசாக வாசித்துவிட்டு, பாடகி சரணம் எடுக்கும்போது ஒரு விரலால் கொஞ்சம் இறக்குவதுதான் என் பழக்கம். அந்த ஒரு விரல் அசைவுக்கு லீனியர் எனக்குச் சுத்தமாக ஆகாது.

இதில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சதவீதம் பாட்டைத் தனியாகக் கையில் வைத்துப் பார்த்தால் வருவது. ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பாஸ் மாடல் மாதிரி இரண்டு வால்யூம் இருக்கும் கிட்டாரில் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், அதனால் சத்தம் அவ்வளவு வேகமாக இறங்காது. A போட்டாலே அப்படி என்றால் B போட்டால் எவ்வளவு மந்தமாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். B-ஐ விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) கிட்டத்தட்ட முழுசாக வைத்து, 10-க்கும் 8-க்கும் நடுவில் மட்டும் கலவையை மாற்றுகிறவர்களுக்கு லீனியர் நிதானமாக இருக்கும். அது நியாயமான காரணம்தான். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பது நியாயமே இல்லை.

முதுகில் இருக்கும் எழுத்தையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய ஐரோப்பிய பாட் சிலவற்றில் A என்றால் லீனியர். மல்டிமீட்டரை எடுங்கள். பாட்டின் மூன்று கால்களில் ஓரக் கால் இரண்டிலும் வைத்தால் மொத்த மதிப்பு. அப்புறம் ஷாஃப்ட்டை நடுவில் நிறுத்தி, நடுக் காலுக்கும் கிரவுண்டுக்குப் போகும் ஓரக் காலுக்கும் வையுங்கள். இதோ பாருங்கள், 34 கிலோ ஓம். இதன் மொத்தம் 258. திருப்பி அனுப்பிய B-யில் இதே இடத்தில் 124 காட்டியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மொத்த மதிப்பு சரியாக 250 இருக்காது. 20 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், அதாவது 200 முதல் 300 வரை எதுவும் வரலாம். எனக்கு வந்தவை 262, 258, 231. ஜோடியாக இருக்கும் 262-ம் 258-ம் வால்யூமுக்கு, 231 டோனுக்கு. இரண்டு வால்யூமும் கைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

250-ஆ 500-ஆ என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. பாட் எப்போதும் பிக்கப்புக்கு ஒரு சுமை. மதிப்பு குறையக் குறைய உயர் ஒலிகள் மங்கும். ஜாஸ் பாஸில் எல்லாம் முழுசாக இருக்கும்போது 250-கள் மூன்றும் பேரலலாகச் சேர்ந்து 83 கிலோ ஓம்தான். 500 போட்டால் 167, சத்தம் பளிச்சென்று இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250, இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். இஎம்ஜி மாதிரி பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு 25. அந்த 25-ஐக் கொண்டுபோய் சாதாரண பிக்கப்பில் போட்டால் பாஸ் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும்.

இப்போது நாப் கதை, அதாவது ஷாஃப்ட்டின் மேல் மாட்டும் குமிழ். புது பாட் இன்ச் கணக்கு. ஷாஃப்ட் கால் இன்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். என் பழைய நாப் 6 மில்லிமீட்டர் துளை. 0.35 மில்லிமீட்டருக்காக மூன்று அழகான பித்தளை நாபும் நுழைய மறுக்கின்றன! பிளேட்டில் இருக்கும் ஓட்டையும் போதாது, புது பாட்டின் மரை 3/8 இன்ச். பாண்டியில் நாப் தேடினேன், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் போய் இறங்கி, நேரு வீதியிலும் கேட்டுப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக். பாஸில் பிளாஸ்டிக் நாப் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அப்புறம்தான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகம் பக்கம் ஒரு லேத் பட்டறை. படகு இன்ஜின் வேலை பார்க்கிற இடம். பிளேட்டையும் பாட்டையும் பார்த்ததுமே அந்த அண்ணன், "மூணு நூல் பிட்டு போட்டா சரியா உக்காரும் தம்பி" என்றார். ஒரு நூல் என்றால் 1/8 இன்ச், மூன்று நூல் 3/8. கிட்டாருக்கான பாட் எதையும் வாழ்க்கையில் பார்த்திராதவர், மரையைப் பார்த்தே சொல்லிவிட்டார்! குரோம் கீறக் கூடாது என்று பிளேட்டின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, வைஸில் துணி சுற்றிப் பிடித்து, மெதுவாக இறக்கினார். ஓரத்தில் எழுந்த பிசிறை அரத்தால் இரண்டே இழுப்பில் எடுத்தார். நாப் மூன்றையும் 6.4 பிட்டில் பெரிதாக்கினார். ஷாஃப்ட்டில் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கி நிற்கிறது, ஆட்டமே இல்லை. பாருங்கள், திருப்பிக் காட்டுகிறேன். ஓட்டைக்கு 50 ரூபாய் என்று ஆரம்பித்தார், மொத்தத்துக்கும் 100-இல் முடிந்தது. 550 ரூபாய் பாட்டை விட இந்த 100 ரூபாய் வேலைதான் எனக்குப் பெரிது.

ஐயோ, ஒன்று விட்டுப்போனது. பழைய பாட்டின் முதுகில் இருக்கும் நம்பரைக் கேட்டிருந்தீர்கள். 137 என்று தொடங்கினால் அதைச் செய்தது சிடிஎஸ் (CTS) கம்பெனி. அடுத்தது வருடம், அதற்கடுத்தது வாரம். 1376612 என்றால் 1966-இன் 12-ஆவது வாரம். அது பாட் செய்த தேதிதான், பாட் மாற்றப்படாமல் இருந்தால் கிட்டார் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவே. முதல் ஜாஸ் பாஸ் வந்தது 1960-இல். ஆரம்பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு நாப்தான், இப்போது பார்க்கும் மூன்று நாப் 1962 வாக்கில் வந்தது.

வயரிங் அடுத்த வீடியோவில். அதற்குள் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பாட்டின் முதுகில் கிரவுண்ட் வயரை ஈயம் வைத்து ஒட்டும்போது 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு நிமிஷக்கணக்கில் சூடு காட்டாதீர்கள், உள்ளே கார்பன் தடம் போய்விடும். உப்புத்தாளில் முதுகைத் தேய்த்து, 60 வாட்டில் சட்டென்று முடித்துவிடுங்கள். அப்புறம், ஜாஸ் பாஸில் பிக்கப் வயர் நடுக் காலுக்கு, வெளியே போகும் வயர் ஓரக் காலுக்கு. மாற்றி வைத்தால் ஒரு வால்யூமை முழுசாக மூடியதும் இரண்டு பிக்கப்பும் சேர்ந்தே செத்துப்போகும்.