கடைசி பெஞ்சுக்கே என் வாக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ஓய்வுக்கால விடுப்பில் இருக்கும் போதகருக்கு அதிகம் தேவை தனிமையா, இன்னொரு சபையின் கடைசி பெஞ்சா?" இதுதான் தலைப்பு. பணி ஓய்வு அல்ல, ஊழியத்தின் நடுவே இளைப்பாற எடுக்கிற விடுப்பைத்தான் சொல்கிறோம். எதிரணித் தலைவர் ஐயா தனிமைக்காக அழகாகவே வாதாடினார். வனாந்தரமான இடத்துக்குத் தனியே வந்து இளைப்பாறுங்கள் என்று இயேசுவே சீஷர்களை அழைத்தார் என, மாற்கு 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். சரி. இரண்டு வசனம் தள்ளிப் படித்திருக்கலாம். படகு கரைக்கு வருவதற்குள் ஜனங்கள் கால்நடையாக ஓடி முன்னால் போய் நிற்கிறார்கள்!

தனிமையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தனிமை மட்டும் போதும் என்பவர்கள் எலியா தீர்க்கதரிசியைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். ஊழியத்தில் களைத்துப் போன மனுஷன். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, ஓரேப் மலைக் குகைவரைக்கும் போகிறார். அதைவிடத் தனிமை எங்கே கிடைக்கும்? அங்கே அவர் வாயில் என்ன வந்தது? "நான் ஒருவன்தான் மிச்சம்." ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அதையே சொல்கிறார்.

ஆண்டவரின் மெல்லிய சத்தம் குகையில்தானே கேட்டது என்பீர்கள். கேட்டது. அந்தச் சத்தம் "இங்கேயே இரு" என்றா சொன்னது? திரும்பிப் போகச் சொன்னது. கூடவே ஒரு கணக்கும் சொன்னது: பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள். சுமை முழுக்கத் தன் தலையில் என்று நினைக்கிற போதகருக்கு, அந்த 7,000 பேரில் ஒரு ஐம்பது பேரையாவது கண்ணால் காட்ட வேண்டாமா? அவர்கள் குகையில் இல்லை, நடுவர் அவர்களே. அடுத்த சபையில் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் போதகன்தான். விடுப்பில் இருந்தபோது, ஒருவரையும் தெரியாத சபை ஒன்றில் போய் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் என் தலைக்குள் என்னென்ன ஓடும் தெரியுமா? மைக் வேலை செய்யுமா, வேதபாடம் வாசிக்க வேண்டியவர் வந்துவிட்டாரா, போன வாரம் துக்கம் நடந்த வீட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்... அன்று எதுவும் இல்லை. பாவ அறிக்கையின் நடுவே அமைதி வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில், அடுத்த வரிக்கு எப்போது போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அன்றுதான் என் பாவத்தை நினைக்க எனக்கு நேரம் கிடைத்தது.

அப்புறம் இன்னொன்று. பீடத்திலிருந்து பார்த்தால் சபையாரின் முகம் தெரியும், முதுகு தெரியாது. புதிதாக வருகிறவர் படுகிற பாடு கடைசி பெஞ்சில்தான் புரிகிறது. எப்போது எழுந்து நிற்பது என்று தெரியாமல் அரைகுறையாக எழுந்து உட்கார்ந்தேன். அறிவிப்பில் "வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில்" என்றார்கள். எது வழக்கம்? திருவிருந்துக்கு அழைத்தபோது, எனக்கும் சேர்த்துத்தானா என்று பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆராதனை முடிந்ததும் வட்டம் வட்டமாக நின்று சிரித்துப் பேசுகிறார்கள். வெளியே நிற்கிறவனுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரிவதில்லை. ஒரு வயதான அம்மா மட்டும், ஒரு வார்த்தை பேசாமல், பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்து என் கையில் கொடுத்தார். இதை எந்தக் குகையில் கற்றுக்கொள்வது?

"போதகரால் சும்மா உட்கார முடியாது, அடுத்தவர் பிரசங்கத்துக்கு மார்க் போடுவார்" என்றார் எதிரணியில் பேசிய தங்கை. போடுவார்தான். தனியாக இருந்தால் மட்டும் விட்டுவிடுவாரா? அங்கே தனக்கே மார்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது இன்னும் மோசம். ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிச் பான்ஹோஃபர் 1930-31-இல் நியூயார்க்கில் படிக்கப் போனபோது, அங்கே கேட்ட பிரசங்கங்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதியவர். அதே ஆள் அந்த ஊரின் ஹார்லெம் பகுதியில் இருந்த கறுப்பின மக்களின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைக்குப் போய், ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்து, அவர்களின் ஆன்மிகப் பாடல்களை இசைத்தட்டுகளாக ஜெர்மனிக்குக் கொண்டுவந்து தன் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். மார்க் போடுகிறவரையும் உருக்குகிற சபை உண்டு, தங்கையே.

கடைசியாக அவர்கள் சொன்ன பயம்: போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் நம் சபையைத் தலைகீழாக்கிவிடுவார். திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினைப் பாருங்கள். 1538-இல் ஜெனீவாவை விட்டு வெளியேற்றப்பட்டு ஸ்ட்ராஸ்பர்க் போனார். (நல்லவேளை, நமக்கெல்லாம் கேட்டால் விடுப்பு கிடைக்கிறது.) அங்கே ஜெர்மன் சபையார் வேதத்தின் சங்கீதங்களைத் தங்கள் மொழியிலேயே பாடினார்கள். கால்வின், அங்கே தாம் போதகராக இருந்த பிரெஞ்சு சபையாருக்காக 1539-இல் ஒரு சிறு சங்கீதத் தொகுப்பை அச்சிட்டார். 1541-இல் ஜெனீவாவுக்குத் திரும்பிப் பிரசங்க பீடம் ஏறியபோது, பழைய கணக்கு எதையும் தீர்க்கவில்லை. போகுமுன் வேதத்தில் எந்த இடத்தில் நிறுத்தினாரோ, அங்கிருந்தே விளக்கத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஜெனீவாவிலும் சங்கீதத் தொகுப்பு வெளிவந்தது. இதற்குப் பெயரா தலைகீழாக்குவது?

மணி அடித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சுக்கே தீர்ப்பு தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.