பச்சை இலைக்குள் ஒளிந்திருக்கும் நீலம்: அவுரியை விதையிலிருந்து வளர்ப்பது

[திரையில்: உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு பழுப்பு விதைகள்]

இது அவுரி விதை. ஏறக்குறைய கடுகளவுதான், ஆனால் உருண்டை இல்லை. இரண்டு முனையும் வெட்டிவிட்டதுபோல் கட்டையாக இருக்கும். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வரும்வரை உலகத்தின் நீலச் சாயத்தில் பெரும் பங்கு இந்தச் செடியிடமிருந்து போனதுதான்.

விதை வாங்கும் முன்பு ஒரு எச்சரிக்கை. தமிழில் 'அவுரி' என்று கேட்டால் இரண்டு வேறு செடிகள் கைக்கு வரலாம். பேதிக்குக் கொடுக்கும் நிலாவரைக்கும் சில இடங்களில் அவுரி என்றுதான் பெயர். அது மஞ்சள் பூ பூக்கும், காய் தட்டையாக அகலமாக இருக்கும். அதை எவ்வளவு ஊறவைத்தாலும் நீலம் வராது. நமக்கு வேண்டியது நீலி என்றும் சொல்லப்படும் அவுரி: பூ சின்னதாக இளஞ்சிவப்பில் இருக்கும், காய் குச்சிபோல் மெலிந்து லேசாக வளைந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் 'இண்டிகோஃபெரா டிங்க்டோரியா' என்ற தாவரப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

[திரையில்: உப்புத்தாளின் மேல் விதைகள், இன்னொரு தாளால் தேய்க்கும் கை]

சரி, விதைக்கு வருவோம். நான் முதல் தடவை போட்டது நாற்பது விதை. முளைத்தது மூன்று. விதை கெட்டுவிட்டது என்று நினைத்து மிச்சத்தைத் தூக்கிப் போடப் பார்த்தேன். விதையில் ஒரு குறையும் இல்லை, தோல்தான் காரணம். அவரை, துவரை குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. இந்தக் குடும்பத்தில் பல செடிகளின் விதைக்கு நீர் புகாத கெட்டித் தோல் உண்டு. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து ஒரே வெயிலில் காய்ந்து போகாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. தொட்டியில் போடும் நமக்குத்தான் அது தொல்லை.

அதனால் இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் விதைகளை வைத்து, தோலின் பளபளப்பு போகும்வரை மெதுவாகத் தேயுங்கள். பருப்பு தெரியும் அளவுக்குப் போக வேண்டாம். அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

[திரையில்: கிண்ணத்தில் உப்பிய விதைகளும் உப்பாத விதைகளும்]

காலையில் பாருங்கள். நீர் குடித்த விதை இரண்டு மடங்காக உப்பியிருக்கும். அவற்றை உடனே விதையுங்கள். உப்பாமல் கிடப்பவை செத்தவை என்று முடிவு கட்ட வேண்டாம், தோல் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஊறப்போடுங்கள். என் கிண்ணத்தில் மூன்றாவது ராத்திரிக்குப் பிறகு உப்பிய விதையும் முளைத்திருக்கிறது.

ஆழம் ஒரு சென்டிமீட்டர் போதும். நீர் தேங்காத மண் வேண்டும். மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தால் ஒரு வாரத்துக்குள் தலை காட்டும். குளிர்ந்த ஈர மண்ணில் ஊறிய விதையைப் போட்டால் அது அழுகிவிடும், அதனால் குளிர் போகும்வரை பொறுத்திருப்பது நல்லது. உறைபனி விழும் ஊர்க்காரர்கள் இதைத் தொட்டியில் வைத்து ஓராண்டுச் செடியாக நினைத்து வளர்க்க வேண்டியதுதான்.

ஆணிவேர் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். இடம் மாற்றி நடுவது இதற்குப் பிடிக்காது. நேராகத் தரையில் விதைக்க முடியாதென்றால் ஆழமான சின்னத் தொட்டியில் ஒன்றிரண்டு விதையாகப் போட்டு, வேர்மண் கலையாமல் எடுத்து நடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி. நாள் முழுக்க வெயில். நிழலில் செடி உயரும், ஆனால் இலை குறைவாக இருக்கும், நீலமும் குறையும்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தந்துவிடும். நடும்போது கொஞ்சம் மக்கிய தொழு உரம் போட்டால் போதும். நாற்றுப் பருவத்தில் மட்டும் களை எடுங்கள். முதல் ஒரு மாதம் இது நோஞ்சான் பிள்ளைபோலத்தான் நிற்கும், பக்கத்துப் புல் அமுக்கிவிடும். அதன்பிறகு இடுப்பளவுக்குச் சரசரவென்று ஏறிவிடும்.

[திரையில்: கிளை நுனியில் முதல் மொட்டுகள், நெருக்கமாக]

எப்போது வெட்டுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். தக்காளி சிவந்தால் பறிக்கலாம். அவுரி அப்படி எதையும் காட்டாது. நீலம் இலையில் நீலமாக இல்லவே இல்லை. இருப்பது இண்டிகான் என்ற நிறமற்ற பொருள். வளரும் இலைகளில் அது அதிகம், செடி பூத்துக் காய்க்கத் தொடங்கினால் குறையும். பூ அழகாக இருக்கிறதே என்று நான் காய் பிடிக்கும்வரை விட்டுவைத்தேன். அந்த வருஷம் வாளியின் அடியில் கொஞ்சம் சாம்பல் நிற வண்டல்தான் மிஞ்சியது.

மொட்டு கட்டும்போதே வெட்டுங்கள். விதைத்து மூன்று, நான்கு மாதத்தில் அது நடக்கும். தரையிலிருந்து ஒரு சாண் தண்டை விட்டுவிட்டுக் கிளைகளை அறுத்தால் மறுபடி துளிர்த்து இரண்டாவது வெட்டும் கிடைக்கும். ஒரு இலையைப் பறித்து நிழலில் காயவிட்டுப் பாருங்கள், பச்சை போய்க் கருநீலம் தட்டினால் சரியான செடிதான்.

[திரையில்: வாளி நீரில் அமுங்கிய கிளைகள், நீர் மஞ்சள் பச்சையாக மாறுகிறது]

வெட்டிய கிளையைக் குவித்து வைக்காதீர்கள். வாடத் தொடங்கினாலே இலைக்குள் மாற்றம் ஆரம்பமாகிவிடும். உடனே வாளி நீரில் அமுக்கி மேலே கல் வையுங்கள். இண்டிகானில் ஒரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலையின் நொதி அதைக் கழற்றிவிடும். மிச்சம் இருக்கும் இண்டாக்சில் நீரில் கரைந்து வரும். வெதுவெதுப்பான நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அடிக்கடி பாருங்கள். நீர் மஞ்சள் பச்சையாகி, மேலே செம்புநிறப் படலம் மிதந்தால் இலைகளை எடுத்துவிடுங்கள். நாற்றம் உண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்!

அப்புறம் நீர்த்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாளிகளுக்கு இடையே உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றுங்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பட்டதும் இண்டாக்சில் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகும். நுரை முதலில் பச்சை, பிறகு நீலம். நீல நுரை அடங்கிக்கொண்டே வந்தால் நிறுத்தலாம். நீலம் நீரில் கரையாது என்பதால் ராத்திரியில் அடியில் படிந்துவிடும். மேல்நீரை வடித்து, வண்டலைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஒரு கிலோ பச்சை இலைக்குச் சில கிராம்தான் தேறும். கைக்குட்டை ஒன்றிரண்டு முக்கலாம்.

[திரையில்: ஓரத்தில் வெட்டாமல் விட்ட ஒற்றைச் செடி, காய்களுடன்]

ஒரே ஒரு செடியை மட்டும் வெட்டாமல் விடுங்கள், விதைக்கு. காய் பழுப்பாகிக் காய்ந்ததும், வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள். வெடித்தால் விதை தானாகவே உதிர்ந்து எங்கெங்கோ போய்விடும். என் தோட்டத்தில் இப்போது பாதைக்கு நடுவில் ஒன்று நிற்கிறது. உப்புத்தாளும் இல்லை, வெந்நீரும் இல்லை, தானாக வந்தது.