வளையலாகத் திரும்பி வந்த சங்கு

வணக்கம். ராமநாதபுரம் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் கைத்தொழில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி, நூல், ஓலை, சாயம், பசை என்றே காலம் போனது. "நம்ம கடற்கரைப் பக்கத்துக் கடைத்தெருவைப் பத்திப் பேசுங்க டீச்சர்" என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கடைத்தெரு என்றால் எனக்குப் பேச்சு நிற்காது, சரி என்று வந்துவிட்டேன்.

போன தை அமாவாசைக்கு என் நாத்தனார் மகள் கோயம்புத்தூரிலிருந்து ராமேஸ்வரம் வந்திருந்தாள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றின கையோடு, "அத்தை, இந்த ஊர்ப் பொருளா எதாவது வாங்கணும். ஆபீஸ்ல பன்னெண்டு பேருக்குக் குடுக்கணும்" என்றாள். கடை கடையாக ஏறினோம். கடைசியில் கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு பேனா ஸ்டாண்டை எடுத்தாள். சுற்றிச் சிப்பி ஒட்டி, தங்கக் கலரில் 'ராமேஸ்வரம்' என்று எழுதியிருந்தது. எனக்கு அதைப் பார்த்த ஞாபகம் வந்தது. இதே விளக்கம், இதே சிப்பி, கன்னியாகுமரியில் 'கன்னியாகுமரி' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

கடைக்காரன் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். தலையைச் சொறிந்துகொண்டு, "சரக்கு வெளியூருங்க டீச்சர். பேரை மட்டும் நாங்க எழுதுறோம்" என்றான். பழைய வாத்தியாரிடம் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "அப்போ இதுல நம்ம கடலோடது எதுடா?" என்றேன். கீழ்த் தட்டில் குனிந்து, அழுக்கு வெள்ளையாக இருந்த நாலைந்து சங்குகளை எடுத்து வைத்தான். "இதுதான். யாரும் கேக்குறதில்ல. பளபளன்னு இருக்கறதைத்தான் எடுக்குறாங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு வங்காளிக் கூட்டம் கடைக்குள் வந்தது. அதில் என் வயதுள்ள ஒரு அம்மா, இரண்டு கையிலும் வெள்ளை வளையல் போட்டிருந்தார். பிளாஸ்டிக் வெள்ளை இல்லை, உள்ளே பால் கலந்த மாதிரி ஒரு வெள்ளை. கையைக் காட்டிக் கேட்டேன். "ஷாகா" என்றார். கல்யாணம் ஆன பெண்கள் போடுவது, நமக்குத் தாலி மாதிரி. நான் கீழ்த் தட்டுச் சங்கைத் தொட்டு, அவர் வளையலையும் தொட்டேன். புரிந்துகொண்டு பலமாகத் தலையாட்டினார். என் மாணவன் வாயைப் பிளந்தான். பதினைந்து வருஷமாகச் சங்கு விற்கிறவனுக்கு அது வளையலாகும் என்று தெரியாது!

அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? நமக்கே மறந்துபோன சங்கதி அது. மன்னார் வளைகுடாவில் எடுக்கிற சங்கில் பெரும்பங்கு காலங்காலமாக வங்காளத்துக்குத்தான் போகிறது. கொல்கத்தா, பிஷ்ணுபூர், அந்தப் பக்கம் டாக்காவில் ஷாங்காரி பஜார் என்று சங்கு அறுப்பவர்களுக்கென்றே ஒரு தெரு. சங்கைக் குறுக்கே வட்டம் வட்டமாக அறுப்பார்கள், பணியாரத்தை வெட்டுகிற மாதிரி இல்லை, வெங்காயத்தை வளையம் வளையமாக நறுக்குகிற மாதிரி. உள்தண்டை நீக்கினால் வளையம். அதைத் தேய்த்து, பூ செதுக்கி, வளையலாக்குவார்கள். ஒரு சங்கில் சில வளையல்தான் தேறும்.

அந்த வேலை ஒரு காலத்தில் இங்கேயே நடந்தது. வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது இல்லையா, தொல்லியல் துறை அங்கே 1986-இலிருந்து பல தடவை தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசும் பானை ஓடும் கிடைத்ததைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதே குழிகளில் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. கடலுக்குப் பக்கத்திலேயே அறுத்து, பக்கத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு நம் பெண்கள் யாருக்கும் சங்கு வளையல் வேண்டியதில்லை, அதனால் அறுக்கிற கையும் இல்லை.

எடுக்கிற கை இன்னும் இருக்கிறது. கீழக்கரை, வேதாளை, மண்டபம் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முகத்தில் கண்ணாடி, பாதத்தில் மீன்வால் மாதிரி நீந்த உதவுகிற தகட்டைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்குவார்கள். 'பூச்சி மணல்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். சங்குக்குத் தீனி புழுதான். அந்தப் புழு இருக்கிற மணல் எது, வெறும் மணல் எது என்று கண்ணால் பிரித்துவிடுவார்கள். கடலிலிருந்து வருகிற சங்கு வெள்ளையாக இருக்காது. மேலே காய்ந்த தோல் மாதிரி பழுப்பாக ஒரு உறை. அதைச் சுரண்டி, அமிலத்தில் காட்டி, சக்கரத்தில் தேய்த்த பிறகுதான் நாம் பூஜையறையில் வைக்கிற நிறம் வரும். அதனால்தான் கொஞ்சம் பழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிற சங்கைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. மாவு மாதிரி வெளுத்து மின்னுகிறதென்றால் அமிலத்தில் அதிக நேரம் கிடந்திருக்கிறது என்று நினைப்பேன்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வலம்புரிச் சங்கு வாங்கினோம். எந்தக் கடை என்பது வேண்டாம். இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அரிசியில் வைத்து, மஞ்சள் பூசி, ஆறு வருஷம் கும்பிட்டோம். ஒரு நவராத்திரிக்கு என்னோடு வேலை பார்த்த விலங்கியல் டீச்சர் வீட்டுக்கு வந்தார். சங்குக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சுண்டலைச் சாப்பிட்டார். அப்புறம் மெதுவாக, "இது நம்ம கடல் சங்கே இல்ல" என்றார்.

அவர் சொன்ன வித்தையை உங்களுக்கும் சொல்கிறேன். சங்கின் சுருள் உச்சி மேலே இருக்கும்படி நிறுத்தி, திறந்த வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். சாதாரணச் சங்கின் வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும், அதுதான் இடம்புரி. வலம்புரியில் வாய் இடக்கைப் பக்கம் இருக்கும், லட்சத்தில் ஒன்றாக அகப்படுவது. ஆனால் அமெரிக்கா பக்கத்துக் கடலில், மெக்சிகோ வளைகுடாவில், பிறவியிலேயே இடப்பக்கம் வாய் திறக்கிற வேறொரு சங்கினம் ஏராளமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் சங்கில் மூன்று நான்கு வரி, புடைப்பாக, மடிப்பு மடிப்பாகத் தட்டுப்படும். மற்றதில் வழவழவென்று ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டுச் சங்கு வழவழதான். இப்போதும் பூஜையறையில்தான் இருக்கிறது. ஆறு வருஷம் கும்பிட்டதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

பவளத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் யாராவது துணி மறைவில் காட்டினாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள். ஐவிரல் சங்கில் சில வகைகூட அந்தப் பட்டியலில் உண்டு. விற்றவர் மட்டுமல்ல, வைத்திருக்கிறவரும் மாட்டுவார். அந்தக் காலத்தில் பவளக்கல்லை வெட்டி வீடு கட்டினோம், சுண்ணாம்பு சுட்டோம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்கு மிஞ்சி நிற்கிற மாதா கோயில் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பவளக்கல்தான். அப்படி வெட்டி வெட்டித்தான், மன்னார் வளைகுடாத் தீவு இருபத்தொன்றில் கீழக்கரைக்கு நேரே இருந்த பூவரசன்பட்டித் தீவு தண்ணீருக்குள் போனது. தூத்துக்குடி பக்கம் இன்னொன்றும் போனது.

சரி, கடலை விட்டுக் கரைக்கு வருவோம். எனக்குப் பிடித்ததே இதுதான்.

சாயல்குடிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பனை. அங்கே ஒரு மதினி எனக்குப் பழக்கம். சொந்தம் எதுவும் இல்லை, மதினி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் கொட்டான், அதாவது பனையோலைப் பெட்டி, முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குருத்தோலைதான் வேண்டும். முற்றினது மடங்காது, மடக்கினால் உடையும். வெயிலில் காயவைத்து வெளுத்ததும் ஈர்க்கை உருவிவிட்டு, ஓலையைக் கத்தியால் கிழிப்பார். அளவுகோல் கிடையாது. கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பதுதான் அளவு. நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், இருபது இழையும் ஒரே அகலம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஸ்கேலும் பென்சிலும் கொடுத்து நான் கற்றுக்கொடுத்த லட்சணம் அப்போது தெரிந்தது.

வேலை விடியற்காலையில்தான். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் பத்து மணிக்கு மேல் ஓலை அப்பளம் மாதிரி நொறுங்கும். ஈரத்துணியைப் போர்த்தி வைத்து, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார். முதலில் அடி. குறுக்கும் நெடுக்குமாக ஒன்று மேலே, ஒன்று கீழே. அது யாருக்கும் வரும். அடி முடிந்து மூலையைத் தூக்கிச் சுவராகத் திருப்புகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் கை தெரியும். இறுக்கினால் மூலை கூம்பிவிடும், தளர்த்தினால் கொட்டான் ஒரு பக்கம் சாயும். கடையில் நீங்கள் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், தரையில் வைத்துப் பாருங்கள். நாலு மூலையும் உட்கார வேண்டும். அப்புறம் விளிம்பை நாரால் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே மடித்துச் செருகினது ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது.

பேரம் பேசுவதில் நான் மோசமானவள். முதல் தடவை அவரிடம் மூடி போட்ட பெட்டி வாங்கியபோது இருபது ரூபாய் குறைத்தேன். குறைத்த சந்தோஷத்தோடு பஸ் ஏறின பிறகு கணக்குப் போட்டேன். காலையில் நாலரையிலிருந்து நான் போய்ச் சேர்ந்த ஒன்பதரை வரைக்கும் அவர் முடைந்தது அந்த ஒரு பெட்டியைத்தான். ஓலை வெட்டித் தந்தவருக்கு வேறு கூலி. பனை ஏற ஆள் குறைந்துபோய், குருத்து கிடைப்பதே இப்போது பெரிய பாடு. அதே நான் ஜவுளிக்கடையில் விலைச்சீட்டைப் பார்த்து வாயைத் திறக்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவள்.

கருப்பட்டியும் அந்தப் பக்கமே வாங்குங்கள். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர்க் காலம். கருப்பட்டியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவதால் அந்த வடிவமே வரும். உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் சீனிதான் சேர்ந்திருக்கிறது. நல்ல கருப்பட்டி ஐப்பசி ஈரத்தில் கசியும், அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இன்னொன்று, பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள் இல்லையா, எங்கள் பக்கம் அது கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. கடற்கரையில் பொறுக்கின கிளிஞ்சல் பனை உச்சிக்கு ஏறிவிடுகிறது.

அந்தக் கருப்பட்டி கீழக்கரைக்குப் போனால் தொதல் என்கிற இனிப்பாகும். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் சேர்த்து, அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டுவது. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கீழக்கரையில் ஒரு கடைக்குப் போய், "காக்கா, கருப்பட்டி போட்டதா, சீனி போட்டதா?" என்று கேட்டேன். "சீனி போட்டது வெளியூர்க்காரங்களுக்கு" என்று சிரித்தார். நான் எந்த ஊர் என்று கேட்காமலேயே கருப்பட்டித் தொதலைக் கட்டிக் கொடுத்தார். முண்டு மிளகாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. குண்டாக இருக்க வேண்டும், காம்பு உதிராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாத்தனார் மகள் கதையை முடிக்கவில்லையே. பேனா ஸ்டாண்டை வைத்துவிட்டு, மறுநாள் என்னோடு சாயல்குடிக்கு வந்தாள். பன்னிரண்டு சின்னக் கொட்டான் வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பட்டி வைத்துக் கொடுப்பதாகத் திட்டம். "எப்ப ஊருக்குப் போற தாயி?" என்றார் மதினி. "நாளைக்கு." மதினி சிரித்துவிட்டார். "ஓலை இன்னும் மரத்துலதான் இருக்கு. மாசி பொறக்கட்டும், முடைஞ்சு பார்சல்ல போடுறேன். அட்ரஸை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ." எழுதிக் கொடுத்தாள். மாசிக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது: "அத்தை, பார்சல் வந்திருச்சு. பன்னெண்டு கேட்டேன், பதிமூணு இருக்கு. யாருக்குன்னு தெரியல."

எனக்குத் தெரியும். மதினி எண்ணிக்கையில் தப்பு விடுகிறவர் இல்லை.

வணக்கம்.