புதுத் தொட்டி, பழைய காற்று

மேஸ்திரிகளே, சென்ட்ரிங் தொழிலாளர்களே, வீடு கட்டிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

விஷவாயு என்றதும் நமக்குப் பாதாளச் சாக்கடையும் நிரம்பிய செப்டிக் டேங்கும்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது அவற்றைப் பற்றி அல்ல. கழிவு ஒரு சொட்டுகூடப் படாத புது செப்டிக் டேங்க், குடிதண்ணீருக்காகக் கட்டிய புது சம்ப், இவற்றைப் பற்றித்தான். மேலே கான்கிரீட் போட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். உள்ளே கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் சவுக்கு முட்டுகளையும் பலகைகளையும், அதாவது சென்ட்ரிங்கை, பிரிக்க ஒருவர் இறங்குவார். சத்தம் வராது. என்னவென்று பார்க்க இன்னொருவர் இறங்குவார். நம் மாவட்டங்களில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் அடுத்த சைட்டில் "புதுத் தொட்டிதானே, உள்ளே என்ன இருக்கப்போகிறது?" என்றுதான் கேட்கிறார்கள். என்ன இருக்கிறது என்பதை முதலில் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம். சின்ன வீட்டுக்கான தொட்டி. கொள்ளளவு 360 கன அடி, அதாவது சுமார் 10 கன மீட்டர். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அப்படியானால் அந்தத் தொட்டிக்குள் மொத்தம் இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய 2.8 கிலோதான். உள்ளே பச்சைச் சவுக்கு நிற்கிறது, பட்டையும் உரிக்கவில்லை. கான்கிரீட் இறுகுவதற்காக ஊற்றும் கியூரிங் தண்ணீரில் பலகை ஊறுகிறது. தரையில் அரையடித் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மேலே மூடி போட்டாகிவிட்டது. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு என்று கிருமிக்கும் பூஞ்சைக்கும் வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. மரச்சாறும் பட்டையும் மக்கும்போது, மக்கும் பொருளின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடை ஆக்சிஜனைத் தின்னும். அதாவது இரண்டு டன் மரம் அழுக வேண்டியதில்லை. அத்தனை மரத்திலும் சேர்த்து ஒன்றரைக் கிலோ மக்கினால் போதும், தொட்டியின் ஆக்சிஜன் பாதியாகிவிடும்.

பாதி என்றால் பத்து சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தில் இறங்கக் கூடாது. 16-க்குக் கீழே புத்தி தடுமாறும், கைகால் சொன்னபடி கேட்காது. பத்தை ஒட்டி மயக்கம் வரும். ஆறுக்குக் கீழே சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

இதில் மிகவும் கொடியது என்னவென்றால், ஆக்சிஜன் குறைவது உடம்புக்குத் தெரியாது. தண்ணீருக்குள் மூச்சடக்கினால் நெஞ்சு முட்டுகிறதே, அந்த முட்டலை உண்டாக்குவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. தொட்டிக்குள் மூச்சு வழக்கம்போல் போய்வருவதால் அது வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். மக்கலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடிலும் ஒரு பகுதியைப் பச்சைக் கான்கிரீட் இழுத்துக்கொள்ளும். அதனால் எச்சரிக்கை வராமலே போகலாம். "மூச்சு முட்டினால் ஏறிவிடுகிறேன்" என்று சொல்லி இறங்குகிறவருக்கு முட்டுவதற்கு முன்பே நினைவு போய்விடும்.

இது ஆக்சிஜன் கணக்கு மட்டும். கறுத்துக் குழம்பிய தண்ணீர் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கலாம். அது காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். சேற்றில் கால் வைத்துக் கலக்கும்போதுதான் கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. ஆகவே "முதலில் நாறியது, இப்போது இல்லை" என்று ஒருவர் சொன்னால், அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே மேலே ஏற்றுங்கள்.

மூன்றாவது ஆபத்தை நாமே உள்ளே கொண்டுபோகிறோம். தேங்கிய தண்ணீரை இறைக்க பெட்ரோல் பம்பைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி ஓட்டுகிறார்கள். கிணற்றில் டீசல் இன்ஜினை இறக்குவதும் இதே தவறுதான். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இன்ஜின் எப்போதும் மேலே, தொட்டி வாயிலிருந்து தள்ளி, புகை காற்றோடு எதிர்ப்பக்கம் போகும்படி இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்க மின்சார நீர்மூழ்கி பம்பைக் கயிற்றில் கட்டி மேலிருந்தே இறக்கலாம். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. லைனில் இருக்க வேண்டும். ஆள் இறங்கும் நேரத்தில் பம்பு ஓடக் கூடாது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். எனக்கு இதில் ஒரு திடமான கருத்து உண்டு: தொட்டிக்குள் சென்ட்ரிங்கே வேண்டாம். பத்தடிக்கு ஆறடித் தொட்டிக்கு எதற்காக அடியில் முட்டு கொடுத்துத் தளம் போட வேண்டும்? இரண்டடி அகல சிலாப்புகளைத் தரையிலேயே வார்த்து, கியூரிங் முடித்து, சுவர்மேல் வரிசையாகத் தூக்கி வைத்து இடுக்கைச் சாந்தால் அடைத்தால் வேலை முடிந்தது. கம்பியும் கனமும் மேலே வரும் பாரத்தைப் பொறுத்தவை. கார் ஏறும் இடமா, ஆள் நடக்கும் இடமா என்பதைச் சொல்லி இன்ஜினியரிடம் அளவு வாங்குங்கள். சின்ன வீட்டுக்கு சிமென்ட் உறைகளோ ரெடிமேட் தொட்டிகளோ போதும் என்றால் அதையே வையுங்கள். பிரிக்கப் பலகை இல்லை என்றால் இறங்க ஆளும் வேண்டாம்.

தளம் வார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஆபத்தைக் குறைப்பது கான்கிரீட் போடும் நாளிலேயே தொடங்குகிறது. மூடி வாய் இரண்டு வையுங்கள், எதிரெதிர் மூலைகளில். ஒன்று மட்டும் இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வாயின் அளவு இரண்டடிக்கு இரண்டடிக்குக் குறையக் கூடாது. ஒன்றரை அடி வாயில் நடமாடும் ஆள் நெளிந்து இறங்கிவிடுவார், மயங்கிய ஆளை அதே வழியாக எடுக்க முடியாது. செப்டிக் டேங்க்கில் நடுவே தடுப்புச் சுவர் வரும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு காற்று, அந்தப் பக்கம் வேறு காற்று. ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி, தனிச் சோதனை வேண்டும். முதல் அறையில் நன்றாக இருந்த ஆள் இரண்டாவது அறைக்குத் தலையை நீட்டியதும் விழுவது இதனால்தான்.

வாய்களைக் கம்பி வலையால் மூடுங்கள். குழந்தை விழாது, காற்றும் போகும். பலகையும் தார்ப்பாயும் போட்டு அடைக்காதீர்கள். பட்டை உரித்துக் காய்ந்த சவுக்கு, முடிந்தால் இரும்பு ஜாக்கியும் இரும்பு ஷீட்டும் பயன்படுத்துங்கள். கியூரிங் தண்ணீரைத் தளத்தின் மேல் பாத்தி கட்டி நிறுத்துங்கள், உள்ளே வடிந்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறை இறைத்துவிடுங்கள். பிரிக்கும் நாளையும் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு, நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்தின் முட்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சக் காலம் 7 நாள். அதைத் தாண்டினால் 14 நாள். பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட் என்றால் இன்ஜினியரைக் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். வேறு சைட்டில் ஆள் மாட்டிக்கொண்டார் என்று ஒரு மாதம் விட்டுவைத்தால் மக்குவதற்கு ஒரு மாதம் கொடுத்ததாகும்.

மூடியை முந்தின நாளே திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். திறந்து வைப்பது நல்லது, ஆனால் போதாது. குழிக்குள் தேங்கிய காற்று தானாகக் கிளம்பாது. டேபிள் ஃபேனை வாயில் வைத்தால் மேல் ஓரடிக் காற்றுதான் சுழலும். கம்ப்ரசர் ஹோஸை விடுவார்கள். ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் தருவது நிமிடத்துக்குச் சுமார் நூறு லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தொட்டிக் காற்றை ஒருமுறை மாற்றவே நூறு நிமிடம் ஆகும், ஒருமுறை மாற்றினால் போதவும் போதாது. வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினால் துணியும் தலைமுடியும்கூடப் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும்.

வேண்டியது காற்றை வேகமாக ஊதித் தள்ளும் ப்ளோயரும் நீண்ட துணிக்குழாயும். வாடகைக்கும் கேட்டு வாங்கலாம். குழாயின் நுனி தரைக்கு ஓரடி மேலே நிற்க வேண்டும். ஒரு வாயில் ஊதினால் மறு வாயில் பழைய காற்று வெளியேறும். ப்ளோயர் இழுக்கும் பக்கத்தில் ஜெனரேட்டரோ லாரியோ நிற்கக் கூடாது. எவ்வளவு நேரம்? தொட்டிக் கொள்ளளவைப் போல ஏழு மடங்கு புதுக் காற்று போனால், காற்று நன்றாகக் கலக்கிற தொட்டியில், பழைய காற்று ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடும். நம் பத்து கன மீட்டர் தொட்டிக்கு எழுபது கன மீட்டர். மணிக்கு 200 கன மீட்டர் தரும் சின்ன ப்ளோயருக்கு 21 நிமிடம். மூலைகளில் காற்று சரியாகக் கலக்காது, குழாய் வளைந்தாலும் வேகம் குறையும் என்பதால் அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். ஆள் உள்ளே இருக்கும் வரை ப்ளோயரை நிறுத்தவே கூடாது.

அடுத்தது அளவு பார்ப்பது. மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். பெரியவர்கள் கையில் அது ஒன்றுதான் இருந்தது, அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆக்சிஜன் ஏறக்குறைய 16-க்கு வரும் வரை சுடர் எரியும். 17-இல் எரிகிறதே என்று நாம் இறங்கிவிடுவோம். ஹைட்ரஜன் சல்பைடைச் சுடர் காட்டாது. மீத்தேன் ஐந்து முதல் பதினைந்து சதவீதம் இருந்தால் அந்தச் சுடரே தொட்டியை வெடிக்க வைக்கும்.

நான்கு வாயு காட்டும் கேஸ் டிடெக்டர் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். வெளிக்காற்றில் நின்று ஆன் செய்யுங்கள், 20.9 காட்ட வேண்டும். தொட்டி வாயில் வைத்து ஆன் செய்தால் கெட்ட காற்றையே நல்ல காற்றென்று எடுத்துக்கொண்டுவிடும். கருவியைச் சரிபார்த்த காலிபரேஷன் தேதியைப் பாருங்கள், அதற்குள் ஆக்சிஜனை அளக்கும் செல்லுக்கு ஆயுள் பொதுவாக இரண்டு ஆண்டுதான். குழாய் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும், எட்டும் மூலைகளிலும் பாருங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் எண் நிலைத்து நிற்கும் வரை பொறுங்கள். குழாய் நீளமானால் காற்று மேலே வந்து சேர நேரமாகும். ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில், எரிவாயு வெடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே, கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 25 பங்குக்குக் கீழே. நான்கும் சேர்ந்து சரியாக இருந்தால் மட்டும் இறங்கலாம். எண்களையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். டிடெக்டர் இறங்குகிறவரின் மார்பிலேயே இருக்கட்டும். பலகையைப் பெயர்த்துச் சேற்றைக் கலக்கிய பிறகு எண் மாறும்.

முகத்தில் துண்டு கட்டுவதும், கொரோனா காலத்து மாஸ்க்கும், எந்த ஃபில்டரும் ஆக்சிஜனை உண்டாக்காது.

இறங்குகிறவருக்கு முழு உடல் ஹார்னஸ், அதாவது தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட். கயிறு முதுகுப்புற வளையத்தில் மாட்ட வேண்டும். அப்போதுதான் தூக்கும்போது உடம்பு நேராக வரும். இடுப்பில் கட்டினால் ஆள் இரண்டாக மடிந்து வாயில் சிக்குவார். கயிற்றின் மறுமுனை வாய்க்கு மேலே நிற்கும் முக்காலியின் வின்ச்சில், அதாவது கைப்பிடியால் சுழற்றிக் கயிற்றைச் சுற்றும் உருளையில், இருக்க வேண்டும். எழுபது கிலோ தளர்ந்த உடம்பைச் சின்ன வாய் வழியாகக் கையால் இழுப்பது இரண்டு பேர் சேர்ந்தாலும் பெரும்பாடு. முட்டுகளுக்கு இடையில் கயிறு சிக்காதபடி, வாய்க்கு நேர்கீழே இருக்கும் முட்டிலிருந்து பிரித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு பேட்டரித் தலைவிளக்கு. ஒயர் விளக்குதான் வேண்டும் என்றால் 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொட்டி வேலைக்கு வைத்திருந்த வரம்பும் அதுதான்.

மேலே நிற்க ஒருவர். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். சிமென்ட் இறக்கவோ டீ வாங்கவோ அனுப்பக் கூடாது. உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் "ஏம்ப்பா" என்று இரண்டாம் முறை கூப்பிட்டுக்கொண்டு நிற்காமல் வின்ச்சைச் சுழற்ற வேண்டும்.

அவர் கற்க வேண்டிய கடினமான பாடம் ஒன்று உண்டு: உள்ளே குதிக்காமல் நிற்பது. மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் 1986-இலேயே எச்சரித்தது. நம் ஊரிலும் அண்ணன் விழுந்தால் தம்பி குதிக்கிறார், அப்பா விழுந்தால் மகன் குதிக்கிறார். பாசத்தில்தான் போகிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது அதே காற்று. ஆள் விழுந்தால் வழுக்கி விழுந்தார், கரண்ட் அடித்தது என்று நினைக்காதீர்கள். காற்று கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுங்கள். ப்ளோயரை விழுந்தவர் முகத்துப் பக்கம் திருப்புங்கள். மற்ற மூடியையும் திறங்கள். 101-க்கும் 108-க்கும் போன் போட்டு "தொட்டிக்குள் ஆள், மூச்சுக் கருவி வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிய, பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர் மட்டுமே இறங்கலாம்.

மேலே கொண்டுவந்ததும் காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி மாற்றி அழுத்துங்கள். தானாகவே கண் விழித்து "ஒன்றுமில்லை, வேலையைப் பார்க்கலாம்" என்று எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு பட்ட நுரையீரலில் சில மணி நேரம் கழித்துக்கூட நீர் கோக்கும். டிடெக்டர் காட்டிய எண்களை எழுதிய அந்தத் தாளையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். டாக்டர் முதலில் கேட்பது, எந்த வாயு, எவ்வளவு நேரம் என்பதைத்தான்.