லாகின் ஆனதும் உங்க ஸ்கிரிப்ட் ஓடுது… ஆனா ஒரு சின்னக் கோடு காணாமப் போகுது!

வணக்கம் மக்களே! லினக்ஸ் சர்வர்ல ஒரு யூசர் உள்ள வந்ததும் பேஷுக்கு (நாம அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுற 'ஷெல்' புரோகிராம்) பதிலா நாம எழுதின மெனு ஸ்கிரிப்ட் வரணும். செட் பண்றீங்க, மெனுவும் வருது. ஆனா லாகின் ஆனதும் ஷெல் படிக்கிற ப்ரொஃபைல்ங்கிற செட்டிங் ஃபைல்ல போட்டு வெச்ச வேரியபிள் ஒண்ணுகூட அங்க இல்ல. எங்க போச்சு?

பின்னணியைச் சட்டுனு முடிச்சிடுறேன். பாஸ்வேர்டு ஃபைல்ல ஒரு யூசருக்கு ஒரு வரி, அதுல கோலன் போட்டுப் பிரிச்ச 7 பகுதி. கடைசிப் பகுதிதான் ஷெல். அங்க ஸ்கிரிப்டும் இருக்கலாம்.

[திரை: டெர்மினல். 'எக்கோ $0' அடிக்கிறோம். விடை: -பேஷ்]

அந்தப் பேருக்கு முன்னாடி நிக்கிற கோட்டைப் பாருங்க! அது லாகின் புரோகிராம் போட்டது. ஷெல்லைக் கிளப்பும்போது அதோட பேருக்கு முன்னாடி ஒரு கோடு சேர்த்து அனுப்பும். ஷெல் அதைப் பார்த்துட்டு, "ஓ, நான் லாகின் ஷெல்"னு புரிஞ்சுக்கிட்டு ப்ரொஃபைலைப் படிக்கும். இதுக்குன்னு லாகின் தனி ஆப்ஷன் எதுவும் அனுப்புறதில்ல, ஒரே ஒரு எழுத்துல மொத்தச் சேதியும் போயிடுது. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

இப்போ ஸ்கிரிப்ட் கதைக்கு வருவோம். லாகின் அதையும் '-மெனு'ன்னு கோடு போட்டுத்தான் அனுப்புது. ஆனா லினக்ஸோட மையப் புரோகிராமான கெர்னல் அந்த ஃபைலைத் திறந்ததும் முதல் 2 எழுத்து #! அப்படின்னு இருக்கு. உடனே அந்த வரியில இருக்கிற பேஷைக் கூப்பிட்டு, ஸ்கிரிப்டோட பாதையை அது கையில குடுக்குது. அப்படிக் குடுக்கும்போது பழைய பேரைத் தூக்கிப் போட்டுட்டு, பேஷோட பாதையையே பேரா வெச்சிடுது. கூரியர்ல வந்த உறையைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற உறை மாத்தின மாதிரி, உறை மேல எழுதியிருந்த குறிப்பு அதோட போச்சு! பேஷுக்குக் கோடு வந்து சேரல. ப்ரொஃபைலையும் படிக்கல.

இந்த #! வேலையைக் கெர்னலுக்குள்ள கொண்டுவந்தவர் யுனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான டென்னிஸ் ரிட்சி, 1980 ஜனவரியில. அதுக்கு முன்னாடி, "இது எனக்கு ஓடாது"ன்னு கெர்னல் திருப்பி அனுப்பிடும்; கூப்பிட்ட ஷெல்லே அந்த ஃபைலை வரிவரியாப் படிச்சு ஓட்டும்.

இன்னொரு சங்கதி: பல லினக்ஸ்ல இருக்கிற யுடில்-லினக்ஸ் தொகுப்போட லாகின் புரோகிராம், அந்த 7-வது பகுதியில இடைவெளி இருந்தா அதை ஒரு கட்டளையா எடுத்து 'எஸ்ஹெச்'ங்கிற ஷெல் மூலமா ஓட்டும். அந்தப் புரோகிராமை எழுதினவங்க இதையும் யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க!

சரி, தீர்வு? ஸ்கிரிப்டோட முதல் வரியில பேஷ் பாதைக்குப் பக்கத்துல '-எல்' ஆப்ஷனைச் சேருங்க; "நீ லாகின் ஷெல்"னு பேஷுக்கு நேரடியாச் சொல்றது அது.

[திரை: #!/பின்/பேஷ் -எல்]

இப்போ ப்ரொஃபைல் வந்துடும். உங்க சர்வர்ல வேலை செஞ்சுதான்னு கமென்ட்ல கட்டாயம் சொல்லுங்க. ஒண்ணு மட்டும், கெஞ்சிக் கேட்டுக்கிறேன்: ஷெல்லை மாத்துறதுக்கு முன்னாடி இன்னொரு விண்டோல அட்மின் யூசரான ரூட்டா லாகின் பண்ணித் திறந்தே வெச்சிருங்க. ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் (ஓட்டுறதுக்கான அனுமதி) குடுக்க மறந்துட்டா, அந்த யூசரால உள்ளயே வர முடியாது.